வேதாளத்தைச் சுமந்த ராஜாவும் எங்கள் ஆயாவும்



இந்த மாத இதழுக்கு "எனக்குப் பிடித்த படக்கதை" என்று தமிழ் ஐயா தலைப்புக் கொடுத்தார். நிறைய பேர் டி.வி.யில் வரும் கார்ட்டூன் பற்றி எழுதப் போவதாகச் சொன்னார்கள். நான் வேதாளம் பற்றி எழுதுகிறேன். பயப்படாதீங்க! ராத்திரி கனவில் வராது. வந்தாலும் ஒரு கேள்விதான் கேட்கும்.

வேதாளம் என்றால் என்ன?

"மறுபடியும் வேதாளம் முருங்கை மரம் ஏறிடுச்சு" என்று நம் வீட்டில் எல்லாம் சொல்வார்கள். நான் வீட்டுப்பாடம் எழுதாமல் உட்கார்ந்தால் அம்மா இதைத்தான் சொல்லும். ஆனால் அந்த வேதாளம் ஏன் மரம் ஏறியது, அதை யார் இறக்கியது என்று கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

கதை இதுதான். ஒரு சாமியார் தினமும் ராஜாவின் சபைக்கு வந்து ஒரு பழம் கொடுத்துவிட்டுப் போகிறார். ராஜாவும் அதை வாங்கி அதிகாரியிடம் கொடுத்துவிடுகிறார். பல வருஷம் இப்படியே போகிறது. ஒருநாள் ஒரு குரங்கு அந்தப் பழத்தைக் கடிக்க, உள்ளேயிருந்து ஒரு ரத்தினம் விழுகிறது! பழைய பழங்களைப் போட்டு வைத்த அறையைத் திறந்து பார்த்தால், பழமெல்லாம் அழுகிப் போய் ரத்தினங்கள் மட்டும் கிடக்கின்றன. இவ்வளவு கொடுத்தவருக்கு என்ன வேண்டும் என்று ராஜா கேட்கிறார். "சுடுகாட்டு மரத்தில் ஒரு பிணம் தொங்குகிறது. அதை ராத்திரியில் பேசாமல் கொண்டு வா" என்கிறார் சாமியார்.

ராஜா பிணத்தை இறக்கித் தோளில் போட்டதும் அதற்குள் இருக்கிற வேதாளம் பேச ஆரம்பிக்கிறது. வழி போவது தெரியாமல் இருக்க ஒரு கதை சொல்கிறது. கதை முடிவில் ஒரு கேள்வி. பதில் தெரிந்தும் வாயைத் திறக்காவிட்டால் ராஜாவின் தலை வெடித்துவிடும். வாயைத் திறந்தாலோ மௌனம் கலைந்தது என்று வேதாளம் மரத்துக்கே போய்விடும். பேசினாலும் கஷ்டம், பேசாவிட்டாலும் கஷ்டம்! வகுப்பில் கேள்வி கேட்கும்போது நம் நிலைமை மாதிரியே இருக்கிறது அல்லவா?

வடமொழிக் கதையில் அது சிம்சுபா மரம். தமிழில்தான் முருங்கை ஆனது. "முருங்கைக் கிளை சும்மா தொட்டாலே ஒடியுமே, அதில் பிணம் எப்படித் தொங்கும்?" என்று எங்கள் ஆயாவைக் கேட்டேன். "பேய் ஏறினா ஒடியாதுடி. நீ ஏறினாதான் ஒடியும்" என்றது ஆயா.

எவ்வளவு பழைய கதை!

இது நேற்று முந்தாநாள் கதை இல்லை. 900 ஆண்டுகளுக்கும் முன்பு, 11-ஆம் நூற்றாண்டில், காஷ்மீரத்தில் சோமதேவர் என்ற புலவர் 'கதாசரித்சாகரம்' என்ற பெரிய நூலை எழுதினார். கதை நதிகள் வந்து சேரும் கடல் என்று அதற்குப் பொருள். சூரியமதி என்ற ராணிக்காக எழுதினாராம். அதற்குள் இந்த வேதாளக் கதைகள் வருகின்றன. 'வேதாள பஞ்சவிம்சதி' என்று பெயர். பஞ்சவிம்சதி என்றால் 25. சோமதேவர் சொல்லும் ராஜாவின் பெயர் திரிவிக்கிரமசேனன். பிறகு வந்தவர்கள்தான் அவரை விக்கிரமாதித்தன் என்று ஆக்கிவிட்டார்கள்.

தமிழிலும் வேதாளக் கதை ரொம்ப நாளாகவே இருக்கிறது. பாபிங்டன் என்ற வெள்ளைக்காரர் தமிழிலிருந்தே அதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1831-ல் லண்டனில் வெளியிட்டார். 1870-ல் ரிச்சர்ட் பர்ட்டன் என்பவர் தன் பாணியில் மாற்றி எழுதினார். அந்தப் புத்தகத்துக்கு எர்னஸ்ட் கிரிசெட் என்ற ஓவியர் படம் போட்டார். நம் ஊர் வேதாளம் சீமைக்குக் கப்பல் ஏறிப் போய்ப் படம் பிடித்துக்கொண்டது! அதில் வரும் தலை மாறிய கதையை வைத்து ஜெர்மன் எழுத்தாளர் தாமஸ் மான் 1940-ல் ஒரு குறுநாவல் எழுதினார். அதை வைத்து கிரீஷ் கர்னாட் 1971-ல் கன்னடத்தில் 'ஹயவதனா' நாடகம் எழுதினார். 1985-ல் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகர் இதையே இந்தியில் தொடராக எடுத்தார். அவர்தான் பிறகு ராமாயணம் எடுத்தவர்.

நம் திருவண்ணாமலைக்கும் இதுமாதிரி ஒரு விநோதக் கதை உண்டு என்பது உங்களுக்கே தெரியும். பெரிய கோயிலுக்குள்ளே கிளி கோபுரம் இருக்கிறது. பிரபுடதேவ மகாராஜாவுக்குக் கண் தெரியாமல் போனபோது தேவலோகத்துப் பாரிஜாதப் பூ வேண்டியிருந்ததாம். அருணகிரிநாதர் தன் உடம்பை இங்கே விட்டுவிட்டு ஒரு கிளியின் உடம்பில் புகுந்து பறந்து போனாராம். திரும்பி வருவதற்குள் அவர் உடம்பை எரித்துவிட்டார்கள். அதனால் கிளியாகவே இருந்துவிட்டார் என்று சொல்வார்கள். விக்கிரமாதித்தன் கதைகளிலும் ராஜா கிளியின் உடம்பில் புகும் கதை வரும். கூடுவிட்டுக் கூடு பாய்வது என்பது இதுதான். கிரிவலம் போகிறவர்கள் 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். கிளி கோபுரத்தை அண்ணாந்து பார்த்து இந்தக் கதையை நினைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. நீங்கள் அடுத்த தடவை போகும்போது கட்டாயம் பாருங்கள்.

அம்புலிமாமாவும் சங்கர் மாமாவும்

இப்போது படத்துக்கு வருவோம். 1947 ஜூலை மாதம், சுதந்திரம் கிடைப்பதற்கு ஒரு மாதம் முன்பு, சென்னையில் நாகிரெட்டியும் சக்ரபாணியும் சேர்ந்து குழந்தைகளுக்காக ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா'. பிறகு பல மொழிகளிலும் வந்தது. அதில் வேதாளக் கதை மாதம் ஒன்று வந்தது. மாதம் ஒன்று என்றால் 25 கதையும் இரண்டு வருஷம் ஒரு மாதத்தில் தீர்ந்து போகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்! ஆனால் வாசகர்கள் விடவில்லை. அதனால் புதுசு புதுசாகக் கதை எழுதி, அதே ராஜா, அதே மரம், அதே கேள்வி என்று பல வருஷம் நடத்தினார்கள். பாவம் ராஜா, அவருக்கு ஓய்வே கிடைக்கவில்லை.

அந்த ராஜாவை நம் கண்ணுக்கு முன்னால் நிறுத்தியவர் ஓவியர் சங்கர். முழுப்பெயர் கே.சி. சிவசங்கரன். 1924-ல் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்தார். 1950-களின் தொடக்கத்தில் அம்புலிமாமாவில் சேர்ந்து பல பத்து ஆண்டுகள் படம் வரைந்தார். கையில் உருவிய வாள், தோளில் பிணம், சுற்றிலும் சுடுகாட்டு இருட்டு, நடுவில் நடந்து வருகிற ராஜா. இந்த ஒரு படத்தைப் பார்த்தாலே "ஓ, வேதாளக் கதை!" என்று எழுத்துத் தெரியாதவர்கள்கூடச் சொல்லிவிடுவார்கள். 90 வயதைத் தாண்டியும் வரைந்துகொண்டிருந்தார். 2020 செப்டம்பரில் காலமானார். 2021-ல் மறைவுக்குப் பிறகு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள்.

அவர் மட்டும் இல்லை. எம்.டி.வி. ஆச்சார்யா, சித்ரா, வ.பா. என்று கையெழுத்துப் போட்ட வட்டாதி பாப்பையா எல்லாரும் அதில் வரைந்தார்கள். தாசரி சுப்ரமணியம் எழுதிய மந்திரவாதித் தொடர்களுக்கு சித்ரா வரைந்த பூதங்களைப் பார்த்தால் சாப்பாடு இறங்காது. அவ்வளவு பயமாக இருக்கும். ஆனாலும் பக்கத்தை மூட மனசு வராது.

வேறு படக்கதைகளும் தமிழில் வந்தன. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. முதல் புத்தகம் 'இரும்புக்கை மாயாவி'. மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்து இரும்புக் கை மட்டும் தெரியும். அது இங்கிலாந்துக் கதை. 1984-ல் லயன் காமிக்ஸ் வந்தது. என் மாமா அதைத்தான் பெருசு என்பார். அவரவர்க்குப் பிடித்தது அவரவர்க்கு. அம்புலிமாமா இப்போது வருவதில்லை. 2013 வாக்கில் நின்றுபோய்விட்டது.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டி

நின்றுபோன பத்திரிகை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். எங்கள் தாத்தா அச்சாபீஸில் பைண்டிங் வேலை செய்தவர். எங்கள் பெரியப்பா பிறந்த 1971-லிருந்து மாதா மாதம் அம்புலிமாமா வாங்கி, வருஷத்துக்கு ஒன்றாகத் தைத்து, காலிக்கோ துணி ஒட்டி பைண்ட் பண்ணி வைத்தார். 1984 வரைக்கும் மொத்தம் 14 புத்தகம். முதுகில் வருஷத்தை அவரே எழுதியிருக்கிறார். நான் ஐந்தாவது படிக்கும்போது தாத்தா இறந்துவிட்டார்.

ஆயா பள்ளிக்கூடம் போனதே இல்லை. கையெழுத்து மட்டும் போடத் தெரியும். ஆனால் அந்த 14 புத்தகமும் அதற்குத் தலைகீழ்ப் பாடம். எப்படி என்றால், படத்தை வைத்துத்தான்! நான் எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே ஆயா மடியில் உட்காரவைத்து ஒவ்வொரு படமாகக் காட்டிக் கதை சொல்லும். பிறகு நான் படிக்கக் கற்றுக்கொண்டு பார்த்தால், ஆயா சொன்ன கதை ஒன்று, அச்சில் இருக்கிற கதை வேறொன்று! ஒரு படத்தில் மந்திரி ராஜாவுக்கு ஓலை கொடுப்பார். ஆயா கதையில் அது கடன் பத்திரம். ஒரு ராணி ஜன்னல் ஓரம் அழுதுகொண்டிருப்பாள். அச்சில் அவள் புருஷன் யுத்தத்துக்குப் போயிருக்கிறான். ஆயா கதையில் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பவில்லை. எனக்கு ஆயா சொன்னதுதான் நல்லா இருக்கும்.

மழைக்காலத்தில் எங்கள் வீடு ஒழுகும். எந்த மூலை ஒழுகுகிறது என்று பார்த்துப் பெட்டியை இழுத்து இழுத்து வைப்பது ஆயாதான். அந்தப் பெட்டியை ஒட்டித்தான் பாயும் போடும்.

"படத்தைச் சொல்லுடி"

போன வருஷத்திலிருந்து ஆயாவுக்குக் கண் மங்க ஆரம்பித்தது. முதலில் அரிசியில் கல் தெரியவில்லை என்றது. பிறகு பூக்கட்டும்போது நூல் தெரியவில்லை. பிறகு ஒருநாள் புத்தகத்தை எடுத்து வெச்சுக்கிட்டு வெளிச்சத்துப் பக்கம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இன்னாடி இது, எல்லாப் பக்கமும் புகை போட்ட மாதிரி கீது" என்றது. இரண்டு கண்ணிலும் புரை.

அன்றையிலிருந்து வேலை மாறிவிட்டது. முன்பு ஆயா எனக்குப் படத்தைச் சொல்லும். இப்போது நான் ஆயாவுக்குச் சொல்ல வேண்டும். "கதையை நீ படிக்காத. அது எனக்குத் தெரியும். படத்தைச் சொல்லுடி" என்று உட்கார்ந்துகொள்ளும்.

படத்தைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. "ராஜா வர்றாரு ஆயா, தோள்ல பொணம் இருக்கு" என்றால் விடாது. "முதுகு வளைஞ்சிருக்கா, நேரா இருக்கா?" என்று கேட்கும். பார்த்தால் நேராக இருக்கிறது. "பொணத்தைப் புடிச்ச கை எப்படி? இறுக்கமா, தளர்ச்சியா?" என்று கேட்கும். அதைப் பார்க்க வேண்டும். "மூஞ்சியில பயம் கீதா?" இல்லை, பயம் இல்லை. ஆனால் சிரிப்பும் இல்லை. எங்கோ கவனிக்கிற மாதிரி இருக்கிறது. "அதான்டி. கதை கேட்கிறான். சுமை தூக்கிறவன் காதைத் தீட்டிக்கினு போனா கனம் தெரியாது" என்றது ஆயா. கோயில் வாசலில் முப்பது வருஷம் கூடை சுமந்து பூ விற்ற ஆயா அது. அதற்குத் தெரியாதா?

ஓவியர் சங்கர் ஒரு பக்கத்தில் எவ்வளவு போட்டிருக்கிறார் என்பது இப்படிச் சொல்லிச் சொல்லித்தான் எனக்கு விளங்கியது. கதையில் "அரண்மனை" என்று ஒரு வார்த்தைதான் இருக்கும். படத்தில் தூண், விளக்கு, விசிறி வீசுகிற பெண், அவள் போட்டிருக்கிற வளையல் வரைக்கும் இருக்கும். எழுத்தில் வராத ஆட்கள்கூடப் படத்தில் நின்றுகொண்டு வேடிக்கை பார்ப்பார்கள். ஆயா சொன்ன வேறு கதையெல்லாம் இவர்களைப் பற்றித்தான் என்று இப்போது புரிகிறது.

அப்பா கேட்ட கேள்வி

இதற்கு நடுவில் ஒரு சங்கதி நடந்தது. எங்கள் அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஆட்டோவுக்கு எஃப்.சி. பண்ண வேண்டும், இன்சூரன்ஸும் கட்ட வேண்டும். எஃப்.சி. இல்லாமல் ரோட்டில் எடுக்க முடியாது. அப்பாவுக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். பழைய அம்புலிமாமா சேர்க்கிறவராம். 14 புத்தகத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றுக்கு 700 ரூபாய் வீதம் 9,800 தருவதாகச் சொன்னார். பழைய பேப்பர் கடையில் போட்டால் கிலோ கணக்கில்தான் எடுப்பார்கள். 9,800 ரூபாய் என்றதும் அம்மா அப்பாவைப் பார்த்தது. அப்பா தரையைப் பார்த்தார். ஆயா எங்கே பார்த்தது என்று சொல்ல முடியவில்லை. அதற்குத்தான் கண் தெரியாதே.

அன்று ராத்திரி அப்பா எல்லாரையும் உட்காரவைத்தார். "இது எங்கப்பா சம்பாதிச்சு வாங்கினது. வித்தா வண்டி ஓடும். விக்காட்டி வட்டிக்கு வாங்கணும். நீங்களே சொல்லுங்க" என்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை. "பாப்பா, நீதான் தினமும் எடுத்துப் படிக்கிற. நீ சொல்லு" என்று என்னைப் பார்த்தார்.

எனக்கு மந்தாரவதி கதை ஞாபகம் வந்தது. வேதாளம் சொல்கிற பழைய 25 கதையில் அது ஒன்று. மந்தாரவதியைக் கட்டிக்கொள்ள மூன்று பேர் வருகிறார்கள். கல்யாணத்துக்கு முன்பே அவள் காய்ச்சலில் இறந்துவிடுகிறாள். ஒருவன் அவளை எரித்த சாம்பல் மேலேயே குடிசை போட்டுப் படுக்கிறான். ஒருவன் எலும்பை எடுத்துக்கொண்டு கங்கைக்குப் போகிறான். மூன்றாமவன் ஊர் ஊராகச் சுற்றி, செத்தவரை எழுப்பும் மந்திரம் இருக்கிற ஓலையைக் கொண்டு வருகிறான். மூன்றும் சேர்ந்ததும் அவள் உயிரோடு எழுந்துவிடுகிறாள். இப்போது அவள் யாருக்கு மனைவி? இதுதான் வேதாளத்தின் கேள்வி.

ராஜா சொல்லும் பதில் ரொம்ப அழகு. உயிர் கொடுத்தவன் தகப்பன் மாதிரி. எலும்பைக் கங்கையில் சேர்த்தவன் மகன் மாதிரி. சாம்பலை விட்டு நகராமல் பக்கத்திலேயே கிடந்தவன்தான் கணவன்.

அதை நான் அப்பாவிடம் சொன்னேன். "தாத்தா வாங்கித் தெச்சு இதுக்கு உயிர் குடுத்தாரு. அவர் தகப்பன் மாதிரி. இதில இருக்கிற கதையை வெளியில எடுத்துக்கினு போறது நான். நான் பிள்ளை மாதிரி. மழை வந்தாலும் வெயில் வந்தாலும் பெட்டியை விட்டு நகராம பக்கத்துலயே படுத்தது ஆயா. அதனால இது ஆயாவோடது. விக்கலாமா வேணாமான்னு ஆயாதான் சொல்லணும். நாம நாலு பேரும் பேசறோம், ஆயாவை யாரும் கேக்கவே இல்லியே?"

நான் பேசி முடித்ததும் வீட்டில் சத்தமே இல்லை. அப்பா திட்டுவாரோ என்று நினைத்தேன். அவர் ஆயா பக்கம் திரும்பி, "சொல்லும்மா" என்றார்.

ஆயா கொஞ்ச நேரம் புடவை முந்தானையைத் திருகிக்கொண்டே இருந்தது. பிறகு சொன்னது. "வண்டி ஓடணும். வண்டி ஓடாம பொஸ்தகம் வெச்சுக்கினு இன்னா பண்றது? எட்டு குடு. ஆறு இருக்கட்டும். ஆனா எந்த ஆறுன்னு நான் பொறுக்கித் தரணும். கண்ணு தெரியாம எப்படிப் பொறுக்குவேன்? ஆபரேசன் பண்ணிக்கிறேன். அதுவரைக்கும் அந்த ஆளை இருக்கச் சொல்லு."

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. ஒரு வருஷமாக அப்பாவும் அம்மாவும் கெஞ்சியும் கண் ஆபரேஷனுக்கு ஆயா வரமாட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. "கண்ணுல கத்தி வெப்பான், நான் வரல" என்று பிடிவாதம். அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்கிறார்கள் என்று சொல்லியும் கேட்கவில்லை. அன்று ராத்திரி அதுவே வாயைத் திறந்து சொன்னது. அப்பா முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆயா பொறுக்கிய ஆறு

வாங்க வந்தவர் நல்லவர். காத்திருக்கிறேன் என்றார். அப்பா தெரிந்தவரிடம் கைமாற்று வாங்கி எஃப்.சி.யை முடித்தார். ஆயாவுக்கு முதலில் வலது கண்ணில் ஆபரேஷன் நடந்தது. புரையை எடுத்துவிட்டு உள்ளே சின்ன லென்ஸ் வைக்கிறார்கள். மறுநாள் கட்டைப் பிரித்ததும் ஆயா முதலில் பார்த்தது என்னை. "இன்னாடி, இப்படி இளைச்சிட்ட?" என்றது. ஒரு வருஷமாக நான் அதே மாதிரிதான் இருக்கிறேன். கறுப்புக் கண்ணாடி, சொட்டு மருந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று எல்லாம் ஒழுங்காகக் கேட்டது.

டாக்டர் சரி என்று சொன்ன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைத் திறந்தோம். வாசல் வெளிச்சத்தில் பாய் போட்டு 14 புத்தகத்தையும் வரிசையாக அடுக்கினேன். ஆயா ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டியது. வேதாளப் படம் வந்த இடத்தில் நிறுத்தி உற்றுப் பார்த்தது. "நீ சொன்ன மாதிரிதான் போட்டிருக்கான்" என்றது. எனக்கு முதல் ரேங்க் வாங்கின மாதிரி இருந்தது.

எது எதை எடுத்து வைக்கும் என்று நான் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். தாத்தா முதன்முதலில் பைண்ட் செய்த 1971, நிச்சயம். பூதம் நிறைய இருக்கிற இரண்டு, ராணி அழுகிற ஒன்று, ராஜா கடல் தாண்டிப் போகிற ஒன்று. ஐந்தும் சரியாக இருந்தது. ஆறாவதாக ஆயா எடுத்தது 1978. அதுதான் இருப்பதிலேயே மோசம்! சித்தப்பா சின்ன வயசில் பேனாவால் எல்லா ராணிக்கும் மீசை போட்டுக் கிறுக்கி வைத்திருக்கிறார். அட்டையும் கிழிசல்.

"இதை எதுக்கு ஆயா எடுத்த? நல்லதா ஒண்ணு எடுத்துக்கோ" என்றேன்.

"கிறுக்கின பொஸ்தகத்தை அவர் காசு குடுத்து வாங்கிட்டு இன்னா பண்ணுவாரு? நமக்குத்தான் இது உங்க சித்தப்பன் வரைஞ்சது. வெளியில இருக்கிறவனுக்கு வெறும் மை" என்றது ஆயா.

எட்டுப் புத்தகம் போய்விட்டது. 5,600 ரூபாய் வந்தது. கைமாற்றில் பெரிய பங்கு அடைந்தது. அந்த எட்டும் போன அன்று ராத்திரி எனக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்பது உண்மை. பெட்டியைத் தூக்கினால் லேசாக இருக்கிறது. ஆனால் வாங்கினவர் அட்டையைத் தடவிப் பார்த்து, "யார் பைண்டிங் பண்ணது? இவ்வளவு வருஷமாகியும் ஒரு தையல் விடலையே" என்று கேட்டார். "எங்க வீட்டுக்காரரு" என்று ஆயா சொன்னபோது அதன் குரல் எப்போதும் இருப்பதைவிடச் சத்தமாக இருந்தது.

தோழிகளே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள்

உங்கள் வீட்டுப் பரணில், டிரங்குப் பெட்டியில், மாடிப்படிக்குக் கீழே பழைய அம்புலிமாமாவோ, காமிக்ஸோ, திருவிழாக் கடையில் வாங்கின பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையோ இருந்தால் எடை போடுவதற்கு முன் ஒரு தடவை திறந்து பாருங்கள். வீட்டில் படிக்கத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் அவர்களிடம் படத்தை மட்டும் காட்டுங்கள். எழுத்தை விரலால் மூடிக்கொள்ளுங்கள். அவர்கள் என்ன கதை சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். அது எந்தப் புத்தகத்திலும் கிடைக்காது. கண் மங்குகிறது என்று பெரியவர்கள் சொன்னால் வயசாச்சு என்று விட்டுவிடாமல் மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

கடைசியாக ஒன்று. சோமதேவர் எழுதியபடி வேதாளம் கேட்ட கடைசிக் கேள்விக்கு ராஜாவால் பதில் சொல்ல முடியவில்லை. ஒரு தகப்பனும் மகனும் காட்டுவழியில் இரண்டு காலடித் தடங்களைப் பார்க்கிறார்கள். ஒன்று பெரிய கால், ஒன்று சின்னக் கால். பெரிய காலுக்கு உரியவளைத் தகப்பனும், சின்னக் காலுக்கு உரியவளை மகனும் கட்டிக்கொள்வது என்று பேசி வைக்கிறார்கள். போய்ப் பார்த்தால் அவர்கள் ஒரு தாயும் மகளும். பெரிய கால் மகளுடையது, சின்னக் கால் தாயுடையது! சொன்ன சொல் மாறாமல் மகளைத் தகப்பன் கட்டிக்கொள்கிறான், தாயை மகன் கட்டிக்கொள்கிறான். இரண்டு ஜோடிக்கும் குழந்தை பிறக்கிறது. அந்தக் குழந்தைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு?

ராஜா நிஜமாகவே தெரியாமல் மௌனமாக நடந்தார். தெரியாமல் பேசாதிருந்தால் தலை வெடிக்காது. தெரிந்தும் பேசாமல் இருந்தால்தான் ஆபத்து. அந்த மௌனத்தைப் பார்த்து மகிழ்ந்துதான் வேதாளம், சாமியார் உன்னைப் பலி கொடுக்கப் பார்க்கிறான் என்று ராஜாவை எச்சரித்துக் காப்பாற்றியது.

பதில் தெரிந்தவர்கள் ஒரு துண்டுத் தாளில் எழுதி, இந்தத் தாளுக்குக் கீழே குண்டூசியால் குத்தி வையுங்கள். எங்கள் ஆயாவிடம் கேட்டேன். "மொதல்ல சோறு தின்னுடி" என்றது.



இப்படிக்கு,
9-ஆம் வகுப்பு மாணவி,
திருவண்ணாமலை.